தயாப் மொழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தயாப் எங்கே பேசப்படுகிறது?

பப்புவா நியூ கினியின் வடகரையில் செபிக், ராமு என்னும் இரண்டு பெரிய ஆறுகள் கடலில் கலக்கின்றன. அவற்றின் முகத்துவாரங்களுக்கு இடைப்பட்ட சதுப்புக் காட்டில், கிழக்கு செபிக் மாகாணத்தைச் சேர்ந்த காபுன் என்ற சிற்றூர் இருக்கிறது. தயாப் அந்த ஓர் ஊரின் மொழி. ஊரார் அதைத் 'தயாப் மேர்' என்கிறார்கள். மேர் என்றால் மொழி.

காபுன் மக்களின் அன்றாட உணவு, சேகோ பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. பனையை வெட்டிச் சாய்த்து, பட்டையைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றுப் பகுதியைக் கொத்தித் தூளாக்கி, தண்ணீர் விட்டுப் பிசைந்து கழுவினால் மாவு அடியில் படிகிறது. நம் ஊர்க் கடைகளில் மரவள்ளி மாவில் செய்து விற்கும் சவ்வரிசிக்கு முன்னோடி இந்தப் பனை மாவுதான். காடும் சதுப்பும் வேட்டையும் சேகோவும் சேர்ந்த இந்த வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களெல்லாம் தயாப்பில் நிறைந்திருக்கின்றன. இளையவர்களிடம் முதலில் உதிர்வதும் இந்தச் சொற்கள்தாம்.

இன்று எத்தனை பேர் பேசுகிறார்கள்?

தடையின்றிப் பேசக்கூடியவர்கள் 50 பேருக்கும் குறைவு. 1980களின் நடுவில் காபுனில் ஏறத்தாழ நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தயாப் பேசினார்கள். அதன் பிறகு ஊரின் மக்கள்தொகை இருமடங்கு ஆகிவிட்டது. ஊர் வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் மொழி பாதியாகத் தேய்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பேசுபவர்கள் கொள்ளைநோயில் மடியவில்லை. யாரும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தவில்லை. நகரத்துக்குக் குடிபெயர்ந்து கலைந்துபோகவும் இல்லை. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பைச் சுற்றி இருந்துகொண்டிருக்கும்போதே மொழி கைமாறாமல் நின்றுவிட்டது.

'பப்புவன் மொழி' என்று எதைச் சொல்கிறோம்?

திராவிட மொழிகள் என்று சொல்லும்போது ஒரே மூலத்திலிருந்து பிரிந்த குடும்பத்தைக் குறிக்கிறோம். 'பப்புவன்' என்ற பெயருக்கு அப்படிப்பட்ட பொருள் கிடையாது. நியூ கினித் தீவிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும் பேசப்படும் மொழிகளில், ஆஸ்திரோனேசியக் குடும்பத்தை (மலாய் முதலிய தீவு மொழிகளின் பெருங்குடும்பம்) சேராதவை அனைத்துக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர் அது. அதற்குள் ஒன்றோடொன்று உறவே நிறுவப்படாத பல குடும்பங்களும், எந்தக் குடும்பத்திலும் சேராத தனிமொழிகளும் அடங்கும். பப்புவா நியூ கினி என்ற ஒரு நாட்டில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. அவற்றில் மிகப் பலவற்றுக்கு இன்றுவரை முழுமையான இலக்கண நூலோ அகராதியோ எழுதப்படவில்லை.

தயாப்புக்கு உறவு மொழி எதுவும் இல்லையா?

சுற்றியுள்ள ஊர்களில் கோபார், அட்ஜோரா முதலிய மொழிகள் பேசப்படுகின்றன. அண்டை ஊர் என்ற நெருக்கம் இருந்தும் தயாப்பின் அடிப்படைச் சொற்கள் அவற்றோடு ஒத்துப்போவதில்லை. தொலைவிலுள்ள தொரிசெல்லி மொழிக்குடும்பத்தோடு உறவு இருக்கலாம் என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மொழியை நேரில் ஆராய்ந்து இலக்கணம் எழுதியவர்கள் அதைத் தனிமொழி என்றே வகைப்படுத்துகிறார்கள்.

இந்தத் தனிமைக்கு நிலவியல் ஒரு விளக்கத்தைத் தருகிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய செபிக், ராமு சமவெளிக்குள் வெகுதூரம் புகுந்திருந்தது. காபுன் மக்கள் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை குடியிருந்த மேட்டுநிலம் அப்போது ஒரு தீவு. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கிய பிறகுதான் சுற்றிலும் இன்றைய சதுப்பு உருவானது. உள்நாட்டிலிருந்து மக்கள் அலை அலையாகக் கரையோரத்துக்கு வந்து குடியேறுவதற்கு முன்பே அத்தீவில் வழங்கிய மிகப் பழைய மொழி ஒன்றின் வழித்தோன்றலாகத் தயாப் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது ஓர் ஊகம்தான் என்றாலும் அதைச் சோதித்துப் பார்க்க இந்த மொழியைத் தவிர வேறு சான்று நம் கையில் இல்லை. எழுத்து இல்லாத அந்தப் பகுதியின் பழங்காலத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இதன் சொற்களும் வினையமைப்பும்தான் பதில் சொல்ல வேண்டும்.

நூறு பேர் மட்டுமே பேசும் மொழி எப்படியும் அழிந்துதானே போகும்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் பிறந்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் செபிக் பகுதியில் சில நூறு பேர் பேசும் மொழி என்பது சாதாரணமானது. தயாப்பைப் பேசுபவர்கள் எந்தக் காலத்திலும் பெருந்தொகையாக இருந்ததற்கு அறிகுறி இல்லை. அந்தச் சிறிய எண்ணிக்கையோடே அது தலைமுறை தலைமுறையாக நன்றாக வாழ்ந்து வந்தது.

அதற்குக் காரணம் அங்கே பன்மொழி அறிவு எல்லாருக்கும் பொதுவாக இருந்ததுதான். காபுனின் பழைய தலைமுறையினர் அண்டை ஊர்களின் மொழிகளையும் பேசினார்கள். வணிகமும் திருமண உறவும் சண்டையும் சமாதானமும் அந்த மொழிகளில் நடந்தன; வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் தயாப் இருந்தது. ஒரு மொழியைக் கற்றால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

மேலும், அண்டை ஊரிலிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டும் அடையாளமாக மொழியைப் போற்றுவது நியூ கினியில் பரவலான வழக்கம். மொரோபே மாகாணத்தில் செலெபெட் மொழி பேசும் ஓர் ஊரார், அதே மொழியைப் பேசும் மற்ற ஊர்களிலிருந்து தாங்கள் வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, 'இல்லை' என்பதற்கு அதுவரை வழங்கிய சொல்லை விட்டுவிட்டு வேறொரு சொல்லை ஏற்றுக்கொண்டார்கள். போகன்வில் தீவில் புயின் மொழி பேசும் உயிசாய் என்ற ஊரில் ஆண்பால், பெண்பால் விகுதிகள் மற்ற ஊர்களில் வழங்குவதற்கு நேர்மாறாக இடம் மாறியிருக்கின்றன. மொழிகள் இவ்வளவு பெருகியதற்கு மலையும் சதுப்பும் மக்களைப் பிரித்ததை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. மக்களே வேண்டுமென்று வளர்த்த வேறுபாடுகளும் அதில் உண்டு. ஆகவே தயாப்பின் இன்றைய நிலைக்கு அதன் சிறிய எண்ணிக்கையைக் காரணமாகக் காட்டுவது சரியாகாது.

இந்த மொழியை முதலில் பதிவு செய்தவர் யார்?

1937இல் கியோர்க் ஹோல்ட்கர் என்ற ஜெர்மானிய மறைப்பணியாளர் காபுனுக்கு வந்து மூன்று மணி நேரம் தங்கி, 125 சொற்களைக் குறித்துக்கொண்டு போனார்; அந்தப் பட்டியல் 1938இல் வெளியானது. பாதை கடினமானது, ஊரோ மிகச் சிறியது, ஆய்வுப் பலனும் பெரிதாகக் கிடைக்காது, எனவே இன்னொரு ஆய்வாளர் இங்கே வருவதற்கு வெகுகாலம் ஆகும் என்று அவர் அதில் எழுதியிருந்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் டொனால்ட் லேகாக் என்ற ஆஸ்திரேலிய மொழியியலாளர் செபிக் ஆற்றின் கீழ்ப்பகுதி முழுவதும் அடிப்படைச் சொற்பட்டியல்களைச் சேகரித்தபோதுதான் தயாப் மறுபடியும் ஆய்வுலகின் பார்வைக்கு வந்தது.

விரிவான ஆய்வு 1980களின் நடுவில் தொடங்கியது. டான் கூலிக் என்ற மானிடவியலாளர் காபுனில் ஓராண்டுக்கும் மேல் ஊராரோடு தங்கி, பெரியவர்கள் குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். 1991இல் அவர் அங்கே இருந்தபோது ஆயுதம் தாங்கிய கும்பல் ஒன்று தாக்கியதில் ஊர்க்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப்பின் பல ஆண்டுகள் அவர் அங்கே செல்லவில்லை. 2000களில் திரும்பிச் சென்று வேலையைத் தொடர்ந்தார். அவரும் மொழியியலாளர் ஏஞ்சலா டெரிலும் சேர்ந்து எழுதிய தயாப் இலக்கணமும் அகராதியும் 2019இல் வெளிவந்தன. ஒரு மொழிக்கு முதல் சொற்பட்டியல் கிடைத்ததற்கும் முழு இலக்கணம் கிடைத்ததற்கும் இடையே எண்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்த எண்பது ஆண்டுகளில்தான் மொழி தேய்ந்தது என்பதால், இலக்கணம் வந்த நேரத்தில் அதைச் சரிபார்த்துச் சொல்லத்தக்க முதியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே எஞ்சியிருந்தார்கள்.

இதன் இலக்கணத்தில் குறிப்பிடத்தக்கவை எவை?

பெயர்ச்சொல் எளிமையானது, பெரும்பாலான பெயர்கள் ஒருமை, பன்மைக்குக்கூட மாறுவதில்லை. சிக்கல் முழுவதும் வினையில் குவிந்திருக்கிறது. நடந்தது, நடப்பது ஒரு பக்கமும், இன்னும் நடவாதது மறுபக்கமுமாக வினை இரண்டாகப் பிரிகிறது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் விகுதிகள் வேறு. பல வினைகளில் அடிச்சொல்லே வேறு. செய்பவர் யார், செயல் யாரைச் சென்று சேர்கிறது என்பதையெல்லாம் வினைக்குள் ஏற்றும்போது உறுப்புகள் ஒன்றோடொன்று கரைந்து, எது எங்கே முடிகிறது என்று பிரித்துக்காட்ட முடியாதபடி ஆகிவிடுகின்றன. ஆட்களுக்கும் எண்ணுக்கும் ஏற்ப அடிச்சொல்லே முற்றிலும் மாறிவிடும் வினைகளும் ஏராளம். இவற்றை விதியாகக் கற்க வழியில்லை. கேட்டுக் கேட்டுத்தான் மனத்தில் பதிய வேண்டும்.

பால் பாகுபாடும் நமக்குப் புதுமையானது. தமிழில் அஃறிணைப் பொருளுக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. தயாப்பில் எல்லாப் பெயர்களும் அந்த இரண்டில் ஒன்றைப் பெறுகின்றன. பொதுவாகச் சொல்லும்போது மனிதரையும் உள்ளிட்டு எல்லாமே பெண்பால்தான். குறிப்பிட்ட ஓர் ஆணைச் சுட்டும்போது ஆண்பால் வருகிறது. மற்றவற்றுக்கு அளவும் வடிவமும் பாலைத் தீர்மானிக்கின்றன. நீண்டதும் மெலிந்ததும் பெரியதும் ஆண்பால் பக்கம் சாய்கின்றன. குட்டையானதும் சிறியதும் திரண்டதும் பெண்பாலாகின்றன. இந்தப் பால் பெயரில் தென்படாது. சுட்டுச்சொல்லிலும், வினையிலும், எழுவாய் உருபிலும் வெளிப்படும். அந்த உருபு எல்லா எழுவாய்க்கும் வருவதில்லை. 'அவன் வந்தான்' போன்ற வாக்கியத்தின் எழுவாய் உருபின்றி நிற்கும்; 'அவன் பன்றியை வெட்டினான்' போன்ற வாக்கியத்தில் வெட்டியவனுக்குத் தனி உருபு சேரும்.

டோக் பிசின் காபுனுக்கு எப்படி வந்தது?

காபுனில் தயாப்பின் இடத்தைப் பிடித்த மொழி டோக் பிசின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசிபிக் தீவுகளின் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட பல மொழியினர் தமக்குள் பேசிக்கொள்ள உருவானது அது. சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. இலக்கணம் தனக்கென்று அமைந்தது. ஜெர்மானியர், அவர்களுக்குப் பின் ஆஸ்திரேலியர் நியூ கினியை ஆண்ட காலத்தில் காபுன் ஆண்களும் ஒப்பந்தக் கூலிகளாகத் தொலைதூரத் தென்னந்தோட்டங்களுக்குப் போனார்கள். முதலில் போனவர்கள் முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இரும்புக் கத்தியும் துணியும் புதிய மொழியும் கொண்டுவந்தார்கள். இளைஞர்கள் அவர்களிடமிருந்து அதைக் கற்றார்கள். அந்தக் கட்டத்தில் டோக் பிசின் ஆண்களின் பெருமைக்குரிய இன்னுமொரு மொழி, அவ்வளவுதான்; வீட்டில் தயாப்புக்கு எந்தக் குறையும் வரவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை வந்ததும் ஊரே காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. முதியவர்கள் பலர் அங்கே மாண்டார்கள். போருக்குப் பிறகு கிறித்தவம் வேரூன்றியது. வழிபாட்டு மொழியாகவும் டோக் பிசினே வந்தது.

அப்படியானால் பெற்றோர் பிள்ளைகளுக்குத் தயாப் கற்றுத்தர மறுத்தார்களா?

இல்லை. இந்த மொழியின் கதையில் நெஞ்சை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். பிள்ளைகள் தயாப் பேச வேண்டும் என்றுதான் பெற்றோர் விரும்பினார்கள். தாங்கள் தயாப்பில்தான் பேசுகிறோம் என்றும் நம்பினார்கள். பிள்ளைகள் பேசாததற்கு அவர்களுடைய பிடிவாதமே காரணம் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது வேறு நிலைமை தெரிந்தது.

காபுன் மக்களின் நம்பிக்கையில் ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இரண்டு கூறுகள் உண்டு. டோக் பிசினில் அவற்றை 'ஹெட்', 'சவே' என்கிறார்கள். ஹெட் என்பது தான் நினைத்ததையே செய்யும் முரட்டு மனம். சவே என்பது பிறரை மதித்து, இடம் அறிந்து நடக்கும் அறிவு. குழந்தை பிறக்கும்போது முழுக்க ஹெட்டோடு பிறக்கிறது. சவே பின்னால் மெல்ல வருகிறது. ஆகவே கைக்குழந்தை ஏதேனும் மழலை ஒலி எழுப்பினால், 'நான் போகிறேன்' என்ற பொருளுள்ள 'ஓகி', 'எனக்கு வேண்டாம், அலுத்துவிட்டது' என்ற பொருளுள்ள 'மிந்தா', 'நிறுத்து' என்ற பொருளுள்ள 'ஐயாத்தா' ஆகியவற்றில் ஒன்றைத்தான் அது சொல்லியிருக்கிறது என்று பெரியவர்கள் பொருள்கொண்டார்கள். மூன்றும் தயாப் சொற்கள். மூன்றும் யாருக்கும் அடங்காத குணத்தின் சொற்கள். மடியிலிருக்கும் குழந்தையே தயாப் பேசிவிட்டதாகக் கருதப்படும்போது, அதற்கு அந்த மொழியைத் தனியே ஊட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காலப்போக்கில் இந்த இரண்டு கூறுகளும் இரண்டு மொழிகளோடு ஒட்டிக்கொண்டன. ஹெட், பெண்கள், முன்னோர் வாழ்க்கை, தயாப் ஆகியவை ஒரு பக்கம் சேர்ந்தன. சவே, ஆண்கள், கிறித்தவம், வெளியுலகம், டோக் பிசின் ஆகியவை மறுபக்கம் சேர்ந்தன. ஊரில் பெண்கள் கோபம் வந்தால் வீட்டிலிருந்தபடியே ஊர் முழுவதும் கேட்கும்படி ஏசுவார்கள். 'குரோஸ்' எனப்படும் அந்த நீண்ட வசைமாரி பெரும்பாலும் தயாப்பில் நடக்கும். ஆண்களோ ஆண்கள் மன்றத்தில் கூடி நிதானமாகப் பேசுவதைத் தம் பெருமையாகக் கருதுவார்கள். அந்தப் பேச்சில் டோக் பிசின் நிறைய கலந்திருக்கும். எந்த மொழி எதற்கு உரியது என்று எந்தப் பெரியவரும் குழந்தைக்கு எடுத்துச் சொன்னதில்லை. குழந்தை பார்த்தே புரிந்துகொண்டது.

அன்றாடப் பேச்சில் இது நடந்த விதம் மிகச் சாதாரணமானது. தாய் குழந்தையை வரச்சொல்லித் தயாப்பில் கூப்பிடுவாள். குழந்தை திரும்பிப் பார்க்காது. உடனே 'கம்' என்று டோக் பிசினில் அழுத்திச் சொல்வாள், குழந்தை வரும். ஒரு நாளில் எத்தனையோ முறை இப்படி நடக்க, தயாப்பில் வருவதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை, முக்கியமான செய்தி எப்படியும் டோக் பிசினில் வந்துவிடும் என்று குழந்தை பழகிக்கொள்கிறது. 1980களின் நடுவிலேயே பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒருவர்கூடத் தயாப் பேசவில்லை.

பள்ளிக்கூடமும் ஆங்கிலமும் காரணம் இல்லையா?

இரண்டாம் நிலைக் காரணம் என்று சொல்லலாம். காபுன் பிள்ளைகள் பக்கத்து ஊரான வோங்கனுக்குப் போய்ப் படித்தார்கள். சிலர் போனார்கள், பலர் இடையில் நின்றார்கள். 1990களில் அரசு தொடக்க வகுப்புகளைத் தாய்மொழியில் நடத்தும் கொள்கையைக் கொண்டுவந்தது. 2010களில் அதைக் கைவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பியது. இரண்டும் தயாப்பின் போக்கை மாற்றவில்லை, ஏனென்றால் பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே மொழி கைநழுவியிருந்தது.

இளைஞர்களுக்குத் தயாப் கொஞ்சமும் தெரியாதா?

இது பலரை வியப்பில் ஆழ்த்திய செய்தி. வாய்திறந்து தயாப் பேசியே இராத இருபது வயதுக்காரர்கள் சிலரைத் தனியே உட்காரவைத்து ஒரு கதை சொல்லக் கேட்டபோது, தயங்கித் தயங்கித் தொடங்கி, கதையைத் தயாப்பிலேயே சொல்லி முடித்தார்கள். காதால் கேட்டு உள்ளே சேர்ந்த மொழி அவர்களிடம் இருந்தது. அதை ஊருக்குள் பயன்படுத்த அவர்கள் கூசினார்கள்; வினையில் ஒரு பிழை நேர்ந்தால்கூடப் பெரியவர்கள் கேலி செய்வார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. பிழைகளும் வந்தன: சிக்கலான வினைக்குப் பதில் எளிய வினை, பால் வேறுபாடு மங்குதல், எழுவாய் உருபு விடுபடுதல். ஆனால் பிழையோடு பேசப்படும் மொழியும் பேசப்படும் மொழிதான். அந்தக் கேலிக்குப் பதிலாகப் பொறுமையாகக் கேட்கும் காதுகள் கிடைத்திருந்தால் இந்தத் தலைமுறையாவது பேசியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுக்கும் இளையவர்களிடம் அந்த மறைந்த அறிவும் காணப்படவில்லை.

இனி மீட்க வழி உண்டா?

அகராதியும் இலக்கணமும் இருப்பதால் மொழி முற்றிலும் சுவடற்றுப் போகாது. அகராதியில் ஆங்கிலத்தோடு டோக் பிசினிலும் பொருள் தரப்பட்டிருப்பதால், காபுனில் பிறந்து டோக் பிசின் மட்டும் அறிந்த ஒருவர் பிற்காலத்தில் தன் பாட்டியின் சொற்களைத் தேடிப்பார்க்க முடியும். மற்றபடி, மேலே சொன்ன அந்த இளைஞர்கள் இப்போது பெற்றோராகிவிட்ட வயதினர். தங்கள் குழந்தைகளிடம் பேசக்கூடிய அளவு தயாப் அவர்களிடம் இருக்கிறது. பேசுவதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியல்களில் வேறு வேறு பெயர்கள் காணப்படுவது ஏன்?

பழைய வகைப்பாடுகளில் ஊர்ப்பெயரை வைத்துக் 'காபுன்' என்று குறித்தார்கள். சில பட்டியல்களில் 'தையாப்' என்ற எழுத்துக்கூட்டல் உண்டு. அனைத்தும் ஒரே மொழியையே குறிக்கின்றன. பன்னாட்டு மொழிக் குறியீட்டில் அதற்கு ஜி, பி, என் என்னும் மூன்று எழுத்துகள் கொடுக்கப்பட்டுள்ளன. நூலகப் பட்டியலில் தேடுபவர்கள் இந்தக் குறியீட்டைக் கொண்டு தேடினால் எந்தப் பெயரில் பதிவாகியிருந்தாலும் கிடைத்துவிடும்.